நிதி, பொருளியல் உள்ளகப் பயிற்சிக்குச் சுயவிபரக் கோவை தயாரித்தல்: கொழும்பில் விண்ணப்பிக்கும் மாணவருக்கான முழுமையான வழிகாட்டி

கொழும்பிலுள்ள ஒரு நிதி நிறுவனத்துக்கு உள்ளகப் பயிற்சி கேட்டு வரும் சுயவிபரக் கோவைகளைப் பத்துப் பதினைந்து சேர்த்து வாசித்தால், அவை அனைத்தையும் ஒரே ஆள் எழுதியிருப்பாரோ என்ற ஐயம் எழும். முதலில் "சவால்மிக்க சூழலில் எனது ஆற்றலை வெளிப்படுத்த விரும்புகிறேன்" என்ற குறிக்கோள் வரும். அதையடுத்துப் பிறந்த திகதி, சமயம், தேசிய அடையாள அட்டை இலக்கம் ஆகியவையும், சாதாரண தரத்தின் ஒன்பது பாடப் பெறுபேறுகளும் வரும். இறுதியில் உறவினரல்லாத இருவரின் பெயர்களும், "மேற்கூறிய யாவும் உண்மையானவை" என்ற உறுதிமொழியும் கையொப்பமும் இருக்கும். இவ்வளவையும் வாசித்து முடித்த பின்னரும், இந்த மாணவரின் கையில் ஒரு நிறுவனத்தின் ஆண்டறிக்கையைக் கொடுத்தால் என்ன செய்வார் என்பது வாசிப்பவருக்குத் தெரிவதில்லை.

அவருக்குத் தெரிய வேண்டியது அது ஒன்றுதான். எண்களைத் தேடி எடுத்து, பிழை நீக்கி, அவற்றிலிருந்து ஒரு முடிவுக்கு வந்த அனுபவம் உங்களுக்கு ஒரு தடவையாவது உண்டா என்பதையே கோவை காட்ட வேண்டும். அந்த அனுபவம் இருந்தால் அதை எவ்வாறு எழுதுவது, இல்லையெனில் சில வாரங்களில் அதை எவ்வாறு தேடிக்கொள்வது என்பவையே இவ்வழிகாட்டியின் பொருள். கோவையைப் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே அனுப்புவீர்கள். ஆயினும் சொல்லவேண்டியதை முதலில் தமிழில் எழுதிப் பார்த்துவிட்டு ஆங்கிலத்துக்குச் செல்வது நல்லது. இணையத்தில் கிடைக்கும் ஆங்கில மாதிரியிலிருந்து தொடங்குபவர்கள், அந்த மாதிரியில் இருப்பவரின் வாழ்க்கையைத் தமது பெயரில் எழுதி முடிப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

முதலாம் படி: கோவை எந்த மேசைக்குச் செல்கிறது?

"நிதித்துறை" என்ற ஒரே சொல்லுக்குள் வெவ்வேறு வேலைகள் அடங்கியிருக்கின்றன. வர்த்தக வங்கியொன்றின் கடன் பிரிவு, கடன் கேட்பவரின் நிதிக்கூற்றுகளை ஒழுங்காக வாசிக்கத் தெரிந்தவரைத் தேடும். பங்குத் தரகு நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவும் பலரின் பணத்தைத் திரட்டி முதலிடும் அலகு நம்பிக்கை நிதியங்களும் ஒரு கம்பெனியைப் பற்றி இரண்டு பக்கத்தில் தெளிவாக எழுதக்கூடியவரை விரும்பும். கணக்காய்வு நிறுவனத்துக்குப் பொறுமையும் ஒழுங்கும் வேண்டும். ஒரு பற்றுச்சீட்டு விடுபட்டால் அது உறுத்துகின்ற மனம் வேண்டும். கொள்கை ஆய்வுகள் நிறுவகம், வெரிட்டே ரிசர்ச் போன்ற ஆய்வு அமைப்புகளில் தரவையும் வாசிப்பையும் இணைத்து எழுதும் திறனே முதன்மையானது. வெளிநாட்டு முதலீட்டு நிறுவனங்களுக்காகக் கொழும்பிலிருந்து ஆய்வு செய்துகொடுக்கும் அலுவலகங்களில் எக்செல் வேகமும் ஆங்கில எழுத்தும் எடைபோடப்படும்.

ஆகவே ஒரே கோவையை நாற்பது இடங்களுக்கு அனுப்பாதீர்கள். அனைத்து விபரங்களும் அடங்கிய ஒரு மூலப் பிரதியை வைத்துக்கொண்டு, அதிலிருந்து இரண்டு அல்லது மூன்று வகைப் பிரதிகளை வெட்டியெடுத்தால் போதும்.

இரண்டாம் படி: கையில் இருப்பதைத் திரட்டுதல்

"எனக்கு அனுபவம் எதுவும் இல்லை" என்று கூறும் மாணவரிடம் அரை மணி நேரம் பேசினால் நான்கு அனுபவங்களாவது வெளிவரும். அலுவலகத்தில் பெற்றது மட்டுமே அனுபவம் என்ற எண்ணமே அவற்றை மறைத்து வைத்திருக்கிறது. விடுமுறையில் புறக்கோட்டையிலுள்ள மாமாவின் கடையில் கடன் கொப்பியைப் பார்த்துக்கொண்டவர் உண்மையில் வருமதிகளை முகாமை செய்திருக்கிறார். வெள்ளவத்தையில் உயர்தர மாணவர்களுக்குக் கணக்கீடு டியூஷன் சொல்லிக்கொடுத்தவர், வங்கிக் கணக்கிணக்கக் கூற்றைத் தாமே செய்யத் தெரிந்ததோடு, அது விளங்காத ஒருவருக்கு விளக்கவும் தெரிந்தவர். கோயில் திருவிழாவின் உபயக் கணக்கை எழுதியவரும், பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கத்தின் பொருளாளராக இருந்து கலைவிழாவின் வரவு செலவை நிறைவேற்றுக் குழுவின் முன் சமர்ப்பித்தவரும், பிறர் பணத்துக்குப் பதில் சொல்லியிருக்கிறார்கள். இருபது வயதில் அது சிறிய பொறுப்பன்று.

ஒரு தாளை எடுத்து, கடந்த மூன்று ஆண்டுகளில் எண்களோடு தொடர்புடைய எதையெல்லாம் செய்தீர்களோ அவற்றை எழுதுங்கள். ஒவ்வொன்றின் கீழும் நான்கு விபரங்களைச் சேருங்கள்: தொகை எவ்வளவு, எத்தனை பதிவுகள், எவ்வளவு காலம், நீங்கள் செய்ததனால் என்ன மாறியது. தொகை ஞாபகத்தில் இல்லையென்றால் பழைய கொப்பியைப் புரட்டுங்கள், அல்லது சங்கத்தின் அடுத்த பொருளாளரைக் கேளுங்கள். ஊகித்து மட்டும் எழுத வேண்டாம்.

மூன்றாம் படி: இல்லாததை உருவாக்குதல்

இந்தப் படியிலேயே அதிக நேரத்தைச் செலவிட வேண்டும். மூன்று வாரம் ஒதுக்கி ஒரு சிறிய ஆய்வைச் சொந்தமாகச் செய்தால், மாதக்கணக்கில் சேர்த்த இணையவழிச் சான்றிதழ்கள் தராத ஒன்று கோவைக்குக் கிடைக்கும்: நேர்முகத்தில் பேசுவதற்கு ஒரு பொருள். இலங்கை மாணவருக்கு இதற்கான தரவு இலவசமாகக் கிடைக்கிறது. மத்திய வங்கியின் இணையத்தளத்தில் வட்டி வீதங்களும் செலாவணி வீதங்களும் வாராந்தப் பொருளாதாரக் குறிகாட்டிகளும் உள்ளன. தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணை மாதந்தோறும் வெளியிடுகிறது. கொழும்பு பங்குப் பரிவர்த்தனை நிலையத்தின் தளத்தில் பட்டியலிடப்பட்ட கம்பெனிகளின் ஆண்டறிக்கைகளும் காலாண்டு அறிக்கைகளும் கிடைக்கின்றன.

பொருளியல் மாணவர் ஒருவருக்கு ஏற்ற ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம். மத்திய வங்கி நிர்ணயிக்கும் கொள்கை வட்டி வீதம் மாறியபோது, அரசாங்கம் குறுகிய காலக் கடனுக்காக விற்கும் 91 நாள் திறைசேரி உண்டியலின் விளைவு வீதம் (அதில் முதலிடுபவர் பெறும் வருவாய் வீதம்) எவ்வளவு விரைவாக, எவ்வளவு தூரம் நகர்ந்தது? திறைசேரி உண்டியல்கள் 91, 182, 364 நாள் முதிர்ச்சிகளில் வாராந்தம் ஏலமிடப்படுவதால், 2021 தொடக்கம் 2023 முடிவு வரையான மூன்று ஆண்டுகளுக்கு ஏறத்தாழ 150 அவதானிப்புகள் உங்களிடம் இருக்கும். அந்தக் காலப்பகுதியில் பேசுவதற்கு நிறைய இருக்கிறது. 2022 ஏப்ரல் 8 அன்று மத்திய வங்கி கொள்கை வீதங்களை ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. நான்கு நாட்களின் பின்னர் வெளிநாட்டுக் கடன் மீள்செலுத்தலை அரசாங்கம் இடைநிறுத்தியது. அவ்வாண்டிலேயே 91 நாள் வீதம் 30 சதவீதத்தைத் தாண்டியது. செப்டெம்பரில் பணவீக்கம் 69.8 சதவீதத்தைத் தொட்டது. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்தின் சுமார் 300 கோடி டொலர் நிதிவசதி அங்கீகரிக்கப்பட்டது. அதே ஆண்டு ஜூனில் கொள்கை வீதக் குறைப்பு தொடங்கியது. கொள்கை வீதம் ஏறியதால் மட்டும் உண்டியல் வீதம் ஏறவில்லை என்பதையும், உள்நாட்டுக் கடனும் மறுசீரமைக்கப்படுமோ என்ற அச்சம் அதில் கலந்திருந்தது என்பதையும் உங்கள் வரைபடத்தைப் பார்த்தே விளக்க முடியுமானால், அந்த ஒரு பக்கமே உங்கள் தகுதிக்குச் சான்றாகும்.

இவ்வேலையில் இடறும் இடங்களும் உள்ளன. இடறியதைக் குறித்து வைத்துக்கொள்வது பிற்பாடு உதவும். பணவீக்கத் தொடரைச் சேர்க்க முனைபவர், 2013ஐ அடிப்படையாகக் கொண்ட பழைய சுட்டெண்ணையும் 2021ஐ அடிப்படையாகக் கொண்ட புதிய சுட்டெண்ணையும் அப்படியே ஒட்டிவிட்டு, நடுவில் விலை திடீரெனச் சரிந்ததாக எழுதிவிடக்கூடும். ஆய்வை 2024 நவம்பருக்கு அப்பால் நீட்டினால், அதுவரை இருந்த இரு கொள்கை வீதங்களுக்குப் பதிலாக ஓரிரவு கொள்கை வீதம் என்ற ஒன்றே 8 சதவீதத்தில் அறிமுகமானதைக் கவனிக்க வேண்டும். இவற்றைக் கண்டு சரிசெய்தேன் என்று சொல்லும் மாணவர், தரவைத் தம் கையால் தொட்டவர் என்பது கேட்பவருக்கு உடனே புரிந்துவிடும்.

நிதி மாணவருக்குப் பட்டியலிடப்பட்ட இரு வங்கிகளின் ஐந்தாண்டு ஒப்பீடு பொருத்தமாக இருக்கும். தேறிய வட்டி எல்லை (சொத்துகளோடு ஒப்பிட்ட தேறிய வட்டி வருமானம்), வருமானத்தில் செலவின் பங்கு, மொத்தக் கடன்களில் மூன்றாம் நிலைக் கடன்களின் (மீளச் செலுத்தத் தவறியவற்றின்) பங்கு ஆகிய மூன்று விகிதங்கள் போதும். இருபது விகிதங்களைக் கணித்து ஒன்றையும் விளக்காமல் விடுவதில் பயனில்லை. அரசாங்கம் வெளிநாட்டுச் சந்தையில் கடன் பெற வெளியிட்ட சர்வதேச இறைமை முறிகளில் ஏற்படக்கூடிய இழப்புக்காக வங்கிகள் ஒதுக்கிய பெறுமான இழப்பு ஏற்பாடுகள் அவற்றின் இலாபத்தை எப்படி அசைத்தன என்பதைத் தனியாக எடுத்துக் காட்டுங்கள். வங்கிகளின் நிதியாண்டு டிசெம்பர் 31இல் முடிகிறது. மற்றக் கம்பெனிகளில் பலவற்றுக்கு அது மார்ச் 31. எனவே வங்கியையும் வேறு கம்பெனியையும் ஒரே அட்டவணையில் வைக்கும்போது அவதானம் தேவை.

ஆய்வு முடிந்ததும் இரண்டு பக்கக் குறிப்பும் ஒழுங்கான எக்செல் கோப்பும் உங்களிடம் இருக்க வேண்டும். கோவையில் ஒரு தலைப்பும் இரண்டு வரிகளும் மட்டுமே இடம்பெறும்.

நான்காம் படி: வரிகளை எழுதுதல்

ஒவ்வொரு வரியும் ஒரு வினையோடு தொடங்கி, எதை, எந்த முறையில் செய்தீர்கள், அதனால் என்ன கிடைத்தது என்ற ஒழுங்கில் செல்ல வேண்டும். "குடும்பக் கடையில் கணக்கு வேலைகளுக்கு உதவினேன்" என்பது வெறும் தகவல். அதே அனுபவத்தை இவ்வாறு எழுதலாம்: "இரும்புக் கடையொன்றின் 14 மாதக் கடன் விற்பனைப் பதிவுகளை எக்செலுக்கு மாற்றி, நிலுவைகளை 30, 60, 90 நாட்கள் என வகைப்படுத்தினேன், 90 நாட்களைக் கடந்த நிலுவைகளின் பட்டியல் உரிமையாளருக்கு முதன்முறையாகக் கிடைத்தது." இதில் பெரிய சாதனை எதுவும் இல்லை. ஆனால் செய்த வேலை தெரிகிறது, செய்தவரின் சிந்தனையும் தெரிகிறது.

"தமிழ்ச் சங்கத்தின் பொருளாளராகச் சிறப்பாகச் செயற்பட்டேன்" என்பதில் "சிறப்பாக" என்ற சொல்லை நீக்கினால் பதவிப் பெயர் மட்டுமே எஞ்சும். வரவு செலவுத் தொகை எவ்வளவு, எத்தனை அனுசரணையாளர்களிடமிருந்து திரட்டினீர்கள், கணக்கு எத்தனை நாளில் முடிக்கப்பட்டது என்பவற்றில் இரண்டையாவது இட்டு அந்த வரியை நிரப்புங்கள். தொகை சிறியதாயினும் கூச்சப்பட வேண்டியதில்லை. ஒரு இலட்சத்து எண்பதாயிரம் ரூபாயை ஒரு சதம் பிசகாமல் கணக்குக் காட்டியவரை, கோடியைப் பற்றிப் பொதுவாகப் பேசுபவரைவிட நான் நம்புவேன்.

நீங்கள் தனியாகச் செய்யாத வேலையைத் தனியாகச் செய்ததாக எழுதாதீர்கள். நால்வர் சேர்ந்து செய்த ஒப்படையில் தரவுத் திரட்டல் உங்களுடையது என்றால், அதையே எழுதுங்கள்.

ஐந்தாம் படி: கல்வித் தகைமை

மாணவரின் கோவையில் கல்வி மேலே வருவது சரி. பட்டத்தின் முழுப்பெயர், பல்கலைக்கழகம், முடிவுறும் என எதிர்பார்க்கப்படும் மாதமும் ஆண்டும், தரப்புள்ளிச் சராசரி ஆகியன இரண்டு வரிகளில் அடங்கும். சராசரியை இரு தசமங்களில், எத்தனைக்கு என்பதையும் சேர்த்து எழுதுங்கள்: 3.42/4.00. நமது பல்கலைக்கழகங்கள் பலவற்றில் 3.30 இரண்டாம் வகுப்பு மேல்நிலையின் எல்லையாகவும் 3.70 முதல் வகுப்பின் எல்லையாகவும் இருப்பதால், 3.28ஐ 3.3 என்று எழுதுவது கணித ரீதியில் சரியாகத் தோன்றினாலும், வாசிப்பவருக்கு அது ஏமாற்றாகவே படும். சராசரி 3.00க்குக் கீழே இருந்தால் அதை விட்டுவிட்டு, பொருளியலளவையியல், நிறுவன நிதி, புள்ளிவிபரவியல் போன்ற தொடர்புடைய பாடங்களில் பெற்ற நல்ல தரங்களை மட்டும் காட்டலாம். ஆனால் சராசரி என்னவென்று நேரில் கேட்டால் தயங்காமல் சொல்லிவிடுங்கள்.

உயர்தரப் பெறுபேறு ஒரு வரிக்கு உரியது. மாவட்ட நிலை குறிப்பிடத்தக்கதாக இருந்தால் அதையும் அவ்வரியிலேயே சேர்க்கலாம். சாதாரண தரத்தின் ஒன்பது பாடங்களையும் பல்கலைக்கழக மூன்றாம் ஆண்டில் சுமந்து திரிய வேண்டியதில்லை. அம்மா அப்பாவுக்கு அந்த ஒன்பது 'ஏ'க்கள் மீது இருக்கும் பெருமை வேறு விடயம்.

தொழில்சார் பரீட்சைகளை எழுதும்போது சொற்களில் கவனம் வேண்டும். பட்டயக் கணக்காளர், சீமா, ஏ.சீ.சீ.ஏ. ஆகிய கணக்கீட்டுத் தகைமைகளில் எத்தனை பாடங்கள் சித்தி, எது எஞ்சியுள்ளது என்று எழுதுங்கள். "பின்தொடர்கிறேன்" என்ற சொல் பதிவுக் கட்டணம் செலுத்தியதை மட்டுமே குறிப்பதாகவும் இருக்கலாம் என்பது எல்லோருக்கும் தெரியும். முதலீட்டு ஆய்வுத் துறைக்கான சீ.எஃப்.ஏ. பரீட்சை மூன்று நிலைகளைக் கொண்டது. பட்டம் முடிவதற்கு 23 மாதங்கள் வரை இருக்கும்போதே முதல் நிலைக்குத் தோற்ற மாணவர்களுக்கு அனுமதி உண்டு. சித்தியடைந்திருந்தால் "முதல் நிலைப் பரீட்சையில் சித்தி" என்று மாதத்தோடு எழுதலாம். பகுதித் தகைமை என்று ஒன்று அந்நிறுவகத்தில் இல்லாததால், பெயருக்குப் பின்னால் அவ்வெழுத்துகளைச் சேர்ப்பது அதன் விதிகளுக்கு முரணானது.

ஆறாம் படி: திறன்களும் மொழிகளும்

எக்செலுக்கு ஐந்தில் நான்கு நட்சத்திரம், தலைமைத்துவத்துக்கு 90 சதவீதம் என்று பட்டை வரைவதை அழித்துவிடுங்கள். மீதமுள்ள 10 சதவீதம் எது என்று யாராவது கேட்டால் பதில் இல்லை. "எம்.எஸ். ஆபிஸ் தெரியும்" என்பதும் இக்காலத்தில் எதையும் சொல்வதில்லை. அதற்குப் பதிலாக எக்செலில் பிவட் டேபிள், எக்ஸ்லுக்அப், உணர்திறன் அட்டவணை என்று செய்யக்கூடியவற்றைப் பெயர் சொல்லி எழுதுங்கள். ஸ்டாட்டா, ஈவியூஸ், ஆர், பைதன் ஆகிய தரவு ஆய்வுக் கருவிகளில் எதை எந்த ஆய்வில் பயன்படுத்தினீர்கள் என்பது மேலே உள்ள ஒரு வரியில் இருக்க வேண்டும். திறன் பட்டியலில் மட்டும் தோன்றும் மென்பொருள் சந்தேகத்துக்கு உரியது.

இதை நான் பட்டுத்தான் அறிந்துகொண்டேன். எனது முதலாவது கோவையில், இரு விரிவுரைகளில் கேட்டதை நம்பி "நிதி மாதிரியாக்கம்" என்று எழுதியிருந்தேன். நேர்முகத்தில் முதல் கேள்வியே அதுபற்றி வந்தது: தேய்மானம் பத்து இலட்சத்தால் கூடினால் மூன்று நிதிக்கூற்றுகளிலும் என்ன மாறும்? இலாபம் குறையும் என்பதோடு நின்றுவிட்டேன். வரி 30 சதவீதம் என்றும் அத்தேய்மானம் வரிக்கும் கழிக்கத்தக்கது என்றும் கொண்டால், தேறிய இலாபம் 7 இலட்சத்தால் குறையும். தேய்மானம் காசாக வெளியேறாததால் தொழிற்பாட்டுக் காசுப் பாய்ச்சல், சேமித்த வரியின் அளவான 3 இலட்சத்தால் கூடும். ஐந்தொகையில் சொத்தின் பெறுமதி 10 இலட்சம் குறைந்து காசு 3 இலட்சம் கூட, மறுபுறம் உரிமை மூலதனம் 7 இலட்சம் குறைந்து இரு பக்கமும் சமப்படும். இன்று இதைச் சொல்ல அரை நிமிடம் போதும். அன்று அந்த இரண்டு சொற்களை எழுதாமலே இருந்திருக்கலாம்.

மொழிகளைத் தமிழ் மாணவர்கள் கடைசி வரியில் சாதாரணமாக எழுதிவிடுகிறார்கள். வாடிக்கையாளர்களைச் சந்திக்கும் வங்கிக்கும், கிராமங்களில் களஆய்வு செய்யும் ஆய்வு நிறுவனத்துக்கும், மும்மொழியில் இயங்கக்கூடிய ஒருவர் பெறுமதி மிக்கவர். ஒவ்வொரு மொழியிலும் பேசுதல், வாசித்தல், எழுதுதல் ஆகியவற்றைப் பிரித்து நேர்மையாகக் குறிப்பிடுங்கள். "சிங்களம்: பேச்சு சரளம், வாசிப்பு ஓரளவு" என்பது "மும்மொழிப் புலமை" என்பதைவிட நம்பத்தக்கது. அரசகரும மொழிகள் திணைக்களத்தின் பரீட்சையில் சித்தியடைந்திருந்தால் அதைச் சேர்க்க மறக்க வேண்டாம்.

ஏழாம் படி: பெயர், முகவரி, விடவேண்டியவை

தந்தையின் பெயரை முன்னெழுத்தாக வைத்துக்கொள்ளும் நமக்குப் பெயரே ஒரு சிக்கல். அடையாள அட்டையில் ஒரு எழுத்துக்கூட்டல், பல்கலைக்கழகப் பதிவில் இன்னொன்று, லிங்க்ட்இன் பக்கத்தில் மூன்றாவது என்று இருந்தால், தேடுபவர் மூன்று ஆட்களைக் காண்பார். அடையாள அட்டையில் உள்ள ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தேர்ந்து, கோவை, மின்னஞ்சல், லிங்க்ட்இன் மூன்றிலும் அதையே பயன்படுத்துங்கள். பாடசாலைக் காலத்து விளையாட்டுப் பெயர் மின்னஞ்சலை இவ்விடத்தில் ஓய்வுபெறச் செய்யலாம்.

யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ ஹட்டனிலோ வீடு இருந்து, வெள்ளவத்தையில் போர்டிங்கில் தங்கியிருப்பவர்கள் "வெள்ளவத்தை, கொழும்பு 06" என்று மட்டும் எழுதினால் போதும். திங்கட்கிழமை வேலைக்கு வரக்கூடியவர் என்பதே அங்கு தெரியவேண்டிய செய்தி. சமயம், திருமண நிலை, அடையாள அட்டை இலக்கம், புகைப்படம், உறுதிமொழி ஆகியன தேவையில்லை. அரச நிறுவனமொன்று தனது விண்ணப்பப் படிவத்தில் அவற்றைக் கேட்டால், படிவத்தில் கேட்டபடியே நிரப்புங்கள். உறவினரல்லாத இருவரைக் குறிப்பிடக் கோரினால், உங்களது வேலையை நேரில் பார்த்த விரிவுரையாளரை முன்கூட்டியே அனுமதி கேட்டு எழுதுங்கள். பெரிய பதவியிலிருக்கும் குடும்ப நண்பரால் உங்களது எக்செல் கோப்பைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

எட்டாம் படி: அமைப்பும் அனுப்புதலும்

ஏ4 தாளில் ஒரே பக்கம், ஒரே நிரல், 10.5 அல்லது 11 புள்ளி எழுத்து. பெரிய நிறுவனங்களில் விண்ணப்பங்களை முதலில் ஒரு மென்பொருள் வாசிப்பதுண்டு. இரு நிரல் அமைப்பும் படத்துக்குள் அடைத்த எழுத்தும் அதற்குப் பிடிபடாமல் போகலாம். பீ.டீ.எஃப். ஆகச் சேமித்து, கோப்புக்கு உங்கள் பெயரையும் விண்ணப்பிக்கும் பதவியையும் இடுங்கள். மின்னஞ்சலின் பொருள் வரியில் பதவி, எந்த மாதத்திலிருந்து, எத்தனை மாதங்களுக்கு, முழுநேரமா பகுதிநேரமா என்பவை இருக்க வேண்டும். பயிலுநரைத் தேடும் முகாமையாளர் முதலில் அறிய விரும்புவது அதையே. கடிதப் பகுதி ஆறேழு வரிகளைத் தாண்ட வேண்டாம்.

அனுப்புவதற்கு முன்னர், உங்கள் துறையைச் சாராத நண்பர் ஒருவரிடம் கோவையைக் கொடுத்து, ஒவ்வொரு வரியிலும் "எப்படிச் செய்தாய்?", "ஏன் அந்த எண்?" என்ற இரு கேள்விகளை மட்டும் கேட்கச் சொல்லுங்கள். இரண்டுக்கும் பதில் வராத வரியைத் திருத்துங்கள், அல்லது நீக்குங்கள். நீக்கியதால் பக்கத்தில் வெற்றிடம் விழுந்தால் விழட்டும்.

எந்தப் பிரதியை எந்த நிறுவனத்துக்கு எந்தத் திகதியில் அனுப்பினீர்கள் என்ற பட்டியலையும், ஆய்வின் எக்செல் கோப்பையும் தொலைபேசியிலேயே திறக்கக்கூடியவாறு வைத்திருங்கள். காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ்ஸில் நெரிபட்டு நிற்கும்போது அழைப்பு வந்தால், இறங்கிப் பத்து நிமிடத்தில் திரும்ப எடுக்கிறேன் என்று சொல்லிவிட்டு, அந்தப் பட்டியலை ஒரு முறை பார்த்த பின்னரே பேசத் தொடங்குங்கள்.